நிறம் தப்பினால் யாரிடம் கேட்பது?

"ஒண்ணுமில்ல சிஸ்டர், கேஸ் ட்ரபிள்தான்."

அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் மகன் இப்படிச் சொல்வான். பின்னால் அப்பாவின் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிக் கிடக்கும். பதினைந்து வருடச் சர்க்கரைக்காரர் என்ற விவரம் யார் வாயிலும் வராது. சர்க்கரை உள்ளவருக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். மூச்சு வாங்கும், வேர்க்கும், குமட்டும், அவ்வளவுதான். அவரை அவசரமில்லாதவர்களுக்கான பச்சைப் பகுதி பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது எனக்கு.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 'தாய்' எனும் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டப்படி வருகிறவரை முதலில் தரம் பிரிக்கிறார்கள். சிவப்பு என்றால் உடனே, மஞ்சள் அடுத்து, பச்சை காத்திருக்கலாம். முதலில் வந்தது யார், சத்தம் போட்டது யார் என்பதெல்லாம் கணக்கில் வராது (கவுன்சிலரின் மச்சானுக்கும் இதே விதிதான்). நாடி, பி.பி., மூச்சு, ஆக்சிஜன், நினைவு ஆகியவற்றோடு நீங்கள் சொல்வதும் சேர்ந்துதான் நிறம் முடிவாகிறது. பழைய நோய், சாப்பிடும் மாத்திரை, விஷம் குடித்திருந்தால் அது, எதையும் மறைக்காதீர்கள். வாய் கோணியிருந்தால், கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

பி.பி. கருவியைத் தொடாமல் முகத்தைப் பார்த்தே நிறம் சொல்லும் இடங்களும் உண்டு. "பி.பி. பாருங்க சிஸ்டர்" என்று கேட்க என்ன கூச்சம்? காத்திருக்கும்போது நிலைமை மோசமானால் எழுந்துபோய்ச் சொல்லுங்கள், மறுபடி தரம் பிரித்தாக வேண்டும். விபத்தில் அடிபட்டவருக்கு "போலீஸ் வரட்டும்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சிகிச்சைதான் முதலில் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

தவறு நடந்துவிட்டதா? வாசலில் கத்துவதால் ஒரு பயனும் இல்லை. எழுதுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீனுக்கு. மாவட்டத் தலைமை, தாலுகா மருத்துவமனை என்றால் ஜே.டி. எனப்படும் நலப்பணிகள் இணை இயக்குநருக்கு. வந்த நேரம், ஓ.பி. சீட்டு எண், விபத்தென்றால் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டு எண், கொடுத்த நிறம், டாக்டர் பார்த்த நேரம், இவ்வளவு போதும். நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்காமல் திரும்பாதீர்கள். சிகிச்சைப் பதிவேட்டின் நகலையும் எழுதியே கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. அரசு மருத்துவமனை இழுத்தடித்தால் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு. காசு கட்டிய தனியார் மருத்துவமனை என்றால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையம்.

மறுபடியும் சொல்கிறேன், நகலில் முத்திரை. அந்த ஓ.பி. சீட்டையும் மருந்து வாங்கும் ஜன்னலிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.