மிஸ்டர் ஹெக்டர் பாவமா, இல்லையா?

குட்டீஸ், 'ஹோம் அலோன்' படம் பார்த்திருக்கிறீர்களா? கிறிஸ்துமஸ் லீவு வந்தாலே டி.வி.யில் போட்டு விடுவார்களே, அதேதான்! கெவின் என்ற வாண்டுப் பையன், ஹாரி, மார்வ் என்ற இரண்டு திருடர்களை ஓட ஓட விரட்டுவானே... அந்தப் படம் 1990ல் வந்தது. சக்கைப் போடு போட்டதால், 1992ல் இரண்டாம் பாகமும் வந்து விட்டது.

இன்றைக்கு நாம் பேசப் போவது கெவினைப் பற்றி அல்ல. திருடர்களைப் பற்றியும் அல்ல. இரண்டாம் பாகத்தில், ஓட்டலில் கோட் சூட் போட்டுக்கொண்டு ஒருவர் நிற்பாரே... கெவினைப் பார்த்தாலே மூக்கு விடைக்குமே... அந்த மிஸ்டர் ஹெக்டரைப் பற்றி!

'அய்யே, அந்த ஆளா? அவரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?' என்றுதானே கேட்கிறீர்கள்? நிறைய இருக்கிறது. முதலில், படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன்.

கெவினுக்கு இப்போது 10 வயது. குடும்பமே சிகாகோவிலிருந்து மயாமிக்கு விமானத்தில் கிளம்புகிறது. விமான நிலையத்தில் ஒரே ஓட்டம். கெவின் தன் விளையாட்டு டேப் ரிக்கார்டருக்கு பேட்டரி மாற்றுவதற்காக அப்பாவின் பையை வாங்கி, நடுவில் நின்று விடுகிறான். நிமிர்ந்து பார்த்தால் அப்பா தூரத்தில் ஓடுகிறார். துரத்திக்கொண்டு ஓடுகிறான். ஆனால், அது அப்பா இல்லை! அதே மாதிரி கோட் போட்ட வேறு யாரோ. அவர் ஏறிய விமானம் போனதோ நியூயார்க்குக்கு!

அப்பாவின் பை கையில் இருக்கிறது. அதற்குள் பணம் இருக்கிறது, கிரெடிட் கார்டு இருக்கிறது. கெவின் அழுவானா? நேராக 'பிளாசா' ஓட்டலுக்குப் போய் ரூம் போடுகிறான்! (பிளாசா கதைக்காகக் கட்டிய செட் அல்ல, நிஜ ஓட்டல். நியூயார்க்கில் சென்ட்ரல் பார்க் ஓரத்தில் 1907ல் திறந்தது. படம் எடுத்தபோது அதன் சொந்தக்காரர் டொனால்ட் டிரம்ப். கெவினுக்கு வழி சொல்கிறவராக ஒரு நொடி வந்து போகிறாரே, அவரேதான். பின்னாளில் அமெரிக்க அதிபராகவும் ஆகி விட்டார்!)

அந்த ஓட்டலில்தான் மிஸ்டர் ஹெக்டர் வேலை பார்க்கிறார். அவர் வேலைக்கு 'கான்சியர்ஜ்' என்று பெயர். தங்க வந்தவர்களுக்குக் கார் வேண்டுமா, நாடக டிக்கெட் வேண்டுமா, ஊரில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று தெரிய வேண்டுமா, எல்லாவற்றையும் கவனிப்பவர் அவர்தான். எவ்வளவு பெரிய பணக்காரர் வந்து எரிந்து விழுந்தாலும், பதிலுக்குச் சிரிக்க வேண்டும். டிம் கரி என்ற ஆங்கில நடிகர் அந்தப் பாத்திரத்தில் நடித்திருப்பார். அப்பப்பா, அந்தச் சிரிப்பு! உதடு மட்டும்தான் சிரிக்கும், கண் சிரிக்கவே சிரிக்காது.

இப்போது நீங்கள் ஒரு நிமிடம் மிஸ்டர் ஹெக்டராக மாறிக்கொள்ளுங்கள். பத்து வயதுப் பையன் தனியாக வருகிறான். பெரியவர் யாரும் கூட இல்லை. கையில் கிரெடிட் கார்டு. கேட்டால், 'அப்பா மீட்டிங்கில் இருக்கிறார்' என்கிறான். அந்த அப்பாவை யாருமே கண்ணால் பார்க்கவில்லை. உங்களுக்குச் சந்தேகம் வருமா, வராதா?

கட்டாயம் வரும்! அந்த ஓட்டலிலேயே சரியாக யோசித்த ஒரே ஆள் ஹெக்டர்தான் என்று நான் சொல்வேன். மற்றவர்கள் எல்லாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரூமைக் காட்டப் போய் விட்டார்கள். கெவின் சொன்னது பொய்தானே? சின்ன வயதில் இந்தப் படத்தைப் பார்த்தபோது நானும் ஹெக்டர் ஏமாறும் ஒவ்வொரு தடவையும் கை தட்டியவன்தான். பெரியவனான பிறகு பார்த்தபோதுதான், 'அட, இந்த மனுஷன் கேட்டது நியாயம்தானே' என்று தோன்றியது.

ஆனால், அப்புறம் அவர் செய்ததுதான் சரியில்லை. ராத்திரி திருட்டுத்தனமாக ரூமுக்குள் நுழைந்து குளியலறையை எட்டிப் பார்க்கிறார். காற்றடைத்த கோமாளி பொம்மையைத் திரைக்குப் பின்னால் ஆட்டி, பிராங்க் மாமாவின் குரலை டேப்பில் போட்டு, கெவின் அவரை ஓட வைக்கிறான். எந்த ஓட்டல்காரராவது இப்படிச் செய்யலாமா? அந்த இடத்தில் அவர் அலறி ஓடியதற்கு நான் கொஞ்சமும் வருத்தப்படவில்லை.

அடுத்து வருகிறது கிரெடிட் கார்டு காட்சி. கார்டின் எண்ணைப் போட்டுப் பார்க்கிறார். கம்ப்யூட்டர் திரையில் 'திருடப்பட்டது' என்று வருகிறது. உடனே ஹெக்டர் முகத்தில் ஒரு சிரிப்பு விரிகிறது பாருங்கள்! கிறிஸ்துமஸையே திருடப் பார்க்கும் 'கிரிஞ்ச்' என்ற கார்ட்டூன் பூதத்தின் சிரிப்போடு சேர்த்து அதைக் காட்டியிருப்பார் இயக்குநர் கிறிஸ் கொலம்பஸ். (ஹாரி பாட்டர் படங்களில் முதல் இரண்டை எடுத்தவரும் இவர்தான்.)

இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தக் கார்டு விஷயம் எப்படிக் கம்ப்யூட்டருக்குப் போனது? மயாமியில் இறங்கிய பிறகு மகனைக் காணோம் என்று பதறிய அப்பா, அம்மா போலீசிடம் போகிறார்கள். அப்பாவின் கார்டு பையனிடம் இருக்கிறது என்று தெரிந்ததும், 'கம்பெனிக்குச் சொல்லி விடுவோம், அவன் எங்கே கார்டைப் பயன்படுத்தினாலும் இருக்கும் இடம் தெரிந்து விடும்' என்கிறார்கள் போலீசார். அதாவது, அந்த எச்சரிக்கை திருடனைப் பிடிக்க வைத்தது இல்லை. தொலைந்த பிள்ளையைக் கண்டுபிடிக்க வைத்தது!

ஹெக்டருக்கு அது எப்படித் தெரியும்? தெரியாது. ஆனாலும் எதிரே நிற்பது பத்து வயதுப் பையன் ஆயிற்றே. 'தம்பி, உன் அப்பா, அம்மா எங்கே?' என்று ஒரு வார்த்தை அன்பாகக் கேட்டிருக்கலாம். அவரோ, 'மாட்டினாயா!' என்று குஷியாகி விட்டார். விளைவு? கெவின் பயந்து ஓட்டலை விட்டு ஓடுகிறான். வெளியே போய் யாரிடம் விழுகிறான் தெரியுமா? ஹாரி, மார்வ் கையில்!

ஓடுவதற்கு முன்னால் கெவின் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். ரூமில் டி.வி.யில் பழைய கேங்ஸ்டர் படம் ஒன்றைச் சத்தமாகப் போட்டு விடுகிறான். உள்ளே நிஜமாகவே துப்பாக்கிக்காரன் இருக்கிறான் என்று நினைத்து, ஹெக்டரும் மற்ற ஊழியர்களும் முட்டி போட்டுக் கெஞ்சுகிறார்கள். துப்பாக்கி 'தட தட' என்றதும் தவழ்ந்தே தப்பிக்கிறார்கள். நமக்கு அது டி.வி. என்று தெரியும், அதனால் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். அவர்களுக்குத் தெரியாதே! மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மனிதர்கள், அந்த அரை நிமிடம் உயிர் போய் விட்டது என்றே நினைத்திருப்பார்கள். இந்தக் காட்சியில் ஹெக்டர் எனக்குப் பாவமாகத்தான் தெரிகிறார்.

பிறகு கெவினின் அம்மா வந்து அவருக்கு 'பளார்' என்று ஒன்று விடுகிறார். மகனைத் தொலைத்த அம்மாவின் கோபம்! ஆனால், பையனை விமான நிலையத்தில் கோட்டை விட்டது யாராம்? ஹெக்டரா?

இன்னொன்றும் கவனித்தேன். அதே படத்தில், பூங்காவில் புறாக்களோடு இருக்கும் ஒரு பெண் வருவார். முதலில் அவரைப் பார்த்து அலறி ஓடும் கெவின், பிறகு பேசிப் பார்த்து நண்பனாகி விடுகிறான். அவர் ஏன் தனியாக இருக்கிறார் என்று நமக்கும் தெரிய வருகிறது. ஹெக்டரிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. அவருக்கு வீடு உண்டா, பிள்ளை உண்டா, கிறிஸ்துமஸ் அன்றைக்கும் ஏன் டியூட்டியில் நிற்கிறார்... படம் ஒன்றுமே சொல்லவில்லை.

என் கட்சி இதுதான்: சந்தேகப்பட்ட ஹெக்டர் பாவம், பயந்து தவழ்ந்த ஹெக்டர் ரொம்பப் பாவம், கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்த ஹெக்டருக்கு மட்டும் என்னிடம் இரக்கம் கிடையாது. நீங்கள் எந்தக் கட்சி?

கடைசிக் காட்சி நினைவிருக்கிறதா? கிறிஸ்துமஸ் காலை. எல்லாரும் பரிசுகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஓட்டல் பில் வருகிறது. ரூமுக்கு வரவழைத்துச் சாப்பிட்டதற்கு மட்டும் 967 டாலர்! கெவினோ பூங்காவில் புறாப் பெண்மணியோடு இருக்கிறான். அப்பா போடும் கத்தல் அங்கே வரைக்கும் கேட்கிறது!