காப்பி பூக்கும் மூன்று நாள்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



பங்குனி மாசத்தில் குடும்பத்தோடு பூப் பார்க்கப் போவதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். "நாங்க பார்க்காத பூவா ஐயா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயம்தான். ஆனால் மாம்பூவில் தத்துப்பூச்சி விழுந்திருக்கிறதா, கத்தரிப்பூ உதிர்கிறதா என்று பார்க்கிறோமே, அது பூப் பார்ப்பது அல்ல; கணக்குப் பார்ப்பது. வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நாம் அந்தக் கணக்கைத்தான் காட்டியிருக்கிறோம். வருஷத்தில் ஒரு நாள், நமக்குச் சொந்தமில்லாத பூவைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே. அதற்கு ஏற்காட்டுக் காப்பிப் பூவைப் போல வேறு இல்லை என்பது என் கட்சி.

நான் சேலத்துச் சமவெளிக்காரன். மஞ்சளும் குச்சிக்கிழங்கும் போடுகிறவன். வரப்பில் நின்று தலையை நிமிர்த்தினால் சேர்வராயன் மலை தெரியும். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, அவ்வளவுதான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்கிற வெள்ளைக்காரர் அங்கே காப்பியை வைத்தார். இன்றைக்கும் அந்த மலையில் முக்கிய வெள்ளாமை காப்பிதான். நிழலுக்கு சில்வர் ஓக் மரம், அதன் மேல் மிளகுக்கொடி, அடியில் காப்பி.

காப்பிச் செடி பூக்கிற விதம் நம் செடிகளைப் போல இல்லை. பழம் பறித்து முடிந்ததும் கிளையில் கணுவுக்குக் கணு மொட்டுகள் கொத்தாக வந்து நிற்கும். ஆனால் விரியாது. பனியும் வெயிலுமாக மாசி கழிகிற வரைக்கும் அந்த மொட்டு உறங்கும். பிறகு கோடை மழை ஒன்று, ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் பெய்ய வேண்டும். அப்போதுதான் மொட்டுக்கு உறக்கம் கலையும். மழை பெய்த நாளிலிருந்து எட்டாம் நாள், பத்தாம் நாள் போல, விடியற்காலையில் மலைச்சரிவு முழுவதும் ஒரே சமயத்தில் பூத்துவிடும். ஒரு செடி இன்றைக்கு, ஒரு செடி நாளைக்கு என்கிற பேச்சே இல்லை. மல்லிகைச் சரம் தொடுத்துக் கிளைமேல் வைத்தது மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும். மணமும் ஏறத்தாழ மல்லிகைதான். பஸ்ஸில் வரும்போதே மூக்குக்குத் தெரியும்.

இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அப்புறம் வாடிப் பழுப்பாகிவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் மச்சான் மேலே தோட்டத்தில் வேலை செய்கிறார். சில வருஷத்துக்கு முன்னால், "மாப்ளே, மழை வந்திருச்சு, அடுத்த வாரம் பூத்துரும், எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். வீட்டில் மஞ்சள் வேக வைக்கிற நேரம். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, பூத்த அஞ்சாம் நாள் போனோம். செடி முழுக்க தேயிலைச் சக்கை ஒட்டின மாதிரி இருந்தது. என் தாயாருக்கு அப்போது எழுபது வயது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த மலை ஏறினார்கள். ஒரு வாடின கொத்தை முகத்தருகே இழுத்துப் பார்த்துவிட்டு, "மணம் இன்னும் இருக்குதுடா" என்றார்கள், எனக்கு ஆறுதலாக. மறு வருஷம் மச்சான் சொன்னபடி சரியான நாளில் போனோம். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. வளைவுகளில் பஸ் குலுக்கத்தைத் தாங்க மாட்டார்கள். கீழே உதிர்ந்திருந்த பூவில் ஒரு கை அள்ளி, துண்டில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தேன். மஞ்சளை இன்னும் நாலு நாள் கழித்து வேக வைத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

உதிர்ந்த பூ என்று சொன்னதைக் கவனியுங்கள். செடியிலிருந்து ஒரு பூவைக்கூடக் கிள்ளக் கூடாது. ஒரு பூ ஒரு பழம். ஒரு பழத்தில் இரண்டு கொட்டை. பிள்ளைகளுக்கு இதைப் போவதற்கு முன்பே சொல்லி வையுங்கள். தோட்டத்துக்குள் போவதானால் உரியவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். தேனீ நிறைய இருக்கும். கையை வீசாமல் நின்றால் அது பாட்டுக்கு வேலையைப் பார்க்கும். அராபிகா காப்பி தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். ரொபஸ்டாவுக்கு வேறு செடியின் மகரந்தம் வேண்டும். காற்றும் தேனீயும் இல்லாமல் அதற்கு ஆகாது.

"மாட்டை யார் பார்ப்பது?" என்பதுதான் நம் வீடுகளில் முதல் கேள்வி. விடியலில் பால் கறந்து, தட்டைப் போட்டு, தண்ணீர் காட்டிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். சாயங்காலக் கறவைக்கு வீடு வந்துவிடலாம். புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். வளைவுகளில் சிலருக்குக் குமட்டும். வயிறு நிறையச் சாப்பிட்டு ஏறாமல், எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருந்தால் நல்லது. வழியில் குரங்குக்கு எதுவும் போட வேண்டாம்.

ஏற்காட்டுக் கோடை விழாவுக்குப் போனால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது மே மாதம். தோட்டக்கலைத் துறையார் வைக்கும் மலர்க் கண்காட்சியைப் பார்க்கலாம், கூட்டத்தையும் பார்க்கலாம். காப்பிப் பூ அதற்குள் பிஞ்சாகியிருக்கும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மழை முன்னே மாதிரி முறையாக வருவதில்லை. தை மாசமே ஒரு மழை பெய்து கொஞ்சம் பூத்துவிட்டால், பங்குனியில் மீதி பூக்கும். பழமும் அப்படியே முன்பின்னாகப் பழுக்கும். பறிப்புக்கு ஆள் கூலி கூடும். பூத்தபின் சில வாரத்துக்குள் இன்னொரு மழை விழவில்லை என்றால் பிஞ்சும் நிற்காது. நாம் மணத்தில் சொக்கி நிற்கிற அதே நேரத்தில் தோட்டக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவருக்கு அது கணக்குப் பார்க்கிற பூ. அவரிடம் நாலு வார்த்தை விசாரித்துவிட்டு வாருங்கள்.

இந்த வருஷமும் மழை விழுந்த அன்றைக்கே மச்சான் போன் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து நாள் எண்ணுவது என் மகள் வேலை.