தோட்டா வாங்கவும் கெடுபிடி: கலிபோர்னியாவில் நடந்த 16 வருட இழுபறி

துப்பாக்கி கையில் இருந்தாலும் தோட்டா இல்லாவிட்டால் அது வெறும் இரும்புக் குழாய்தான். இந்த ஒரு விஷயத்தை வைத்து அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அரசுக்கும் துப்பாக்கி பிரியர்களுக்கும் 2009-ம் ஆண்டு தொடங்கிய மல்லுக்கட்டு கோர்ட்டு கோர்ட்டாக ஏறி இறங்கியது. அதன் விவரம் வருமாறு:-

அமெரிக்காவில் கடைக்குப் போய் துப்பாக்கி வாங்கினால், வாங்குகிறவர் மீது பழைய கேஸ் இருக்கிறதா என்று கம்ப்யூட்டரில் பார்த்த பிறகுதான் கொடுப்பார்கள். பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றவர் துப்பாக்கி மட்டும் அல்ல, தோட்டாவும் வைத்திருக்கக்கூடாது என்பது அந்த நாட்டு மத்திய சட்டம். ஆனால் தோட்டா வாங்க வருகிறவரிடம், "நீ யாரப்பா?" என்று கேட்க மத்திய சட்டத்தில் வழி கிடையாது. தோட்டா வாங்குகிறவர் பெயரை கடைக்காரர் எழுதி வைக்க வேண்டும் என்று 1968-ல் ஒரு சட்டம் வந்தது. 1986-ல் அதையும் எடுத்து விட்டார்கள்.

லாஸ்ஏஞ்சல்ஸ் நகரத்தில் தோட்டா வாங்குகிறவரின் பெயரை எழுதி கைரேகை வாங்கும் வழக்கம் இருந்தது. 2004 ஏப்ரல், மே மாதங்களில் நகரின் ஒரு பகுதியில் உள்ள கடைகளின் பட்டியலை ஆய்வாளர்கள் எடுத்து போலீஸ் ரிக்கார்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தோட்டா வாங்கியவர்களில் 100-க்கு சுமார் 3 பேர் அதை தொடவே கூடாதவர்கள்! இரண்டே மாதத்தில் அவர்கள் வாங்கிப் போன தோட்டா 10 ஆயிரத்துக்கும் மேல்.

அர்னால்டு போட்ட கையெழுத்து

2009-ல் கலிபோர்னியா கவர்னராக இருந்தவர் ஹாலிவுட் நடிகர் அர்னால்டு. 'ஐ' படத்தின் பாடல் வெளியீட்டு விழாவுக்கு சென்னை வந்தாரே, அவரேதான். சினிமாவில் தோட்டாவை கணக்கு பார்க்காமல் சுட்டுத் தள்ளியவர், தோட்டா விற்பனைக்கு கடிவாளம் போடும் மசோதாவில் கையெழுத்து போட்டார். கைத்துப்பாக்கி தோட்டா வாங்கினால் கைரேகை கட்டாயம், தபாலில் வாங்க முடியாது என்பது அந்த சட்டம்.

இதை எதிர்த்து கோர்ட்டுக்கு போனவர்களில் ஒரு மாவட்ட போலீஸ் ஷெரீப்பும் உண்டு. "கைத்துப்பாக்கி தோட்டா என்றால் எது? ஒரே தோட்டா பிஸ்டலிலும் போடலாம், ரைபிளிலும் போடலாமே" என்பதுதான் வாதம். நியாயமான கேள்விதான். சட்டம் தெளிவாக இல்லை என்று 2011 ஜனவரியில் பிரஸ்னோ கோர்ட்டு நிறுத்தி விட்டது. அமலுக்கு வர இன்னும் இரண்டு வாரம்தான் பாக்கி இருந்தது.

அடுத்த வருடம், 2012 ஜூலை 20-ந்தேதி, கொலராடோ மாநிலம் அரோரா நகர தியேட்டரில் நள்ளிரவு காட்சி பார்த்துக் கொண்டிருந்த 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலையாளி 6 ஆயிரத்துக்கும் அதிகமான தோட்டாக்களை இன்டர்நெட்டிலேயே ஆர்டர் கொடுத்து வாங்கியிருந்தான். பார்சல் வீடு தேடி வந்தது.

2016 நவம்பரில் கலிபோர்னியா மக்களிடமே ஓட்டெடுப்பு நடந்தது. 100-க்கு 63 பேர் கட்டுப்பாடு வேண்டும் என்று ஓட்டு போட்டார்கள். இந்த முறை எந்த தோட்டா என்ற வம்பே இல்லை, எல்லா வகையும் அடக்கம். 2019 ஜூலை 1-ந்தேதி முதல் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கம்ப்யூட்டர் செக்கிங் தொடங்கியது. பக்கத்து மாநிலத்தில் வாங்கி காரில் போட்டு வருவதற்கும் தடை. ஆனால் எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதற்கு வரம்பு எதுவும் வைக்கவில்லை. அரோரா கொலையாளி மீது பழைய வழக்கு கிடையாது என்பதால் அப்படிப்பட்டவன் இந்த செக்கிங்கில் சிக்குவானா என்பதும் சந்தேகம்தான்.

விலாசம் மாறினால் அவ்வளவுதான்

ரேஷன் கார்டில் ஒரு விலாசம், ஓட்டர் கார்டில் வேறு விலாசம் என்று அலைந்தவர்களுக்கு அடுத்து நடந்தது நன்றாகவே புரியும். துப்பாக்கி வாங்கியபோது கொடுத்த விலாசமும் இப்போதைய லைசென்சில் உள்ள விலாசமும் ஒத்துப்போனால் 1 டாலர் கட்டணம், சில நிமிடத்தில் தோட்டா. வீடு மாறியிருந்தாலோ, பெயரில் எழுத்து பிசகினாலோ கடைக்காரர் கையை விரித்து விடுவார். 19 டாலர் கட்டி வேறு வகை செக்கிங்குக்கு மனு போட்டு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

முதல் ஐந்து மாதத்தில் பிடிபட்ட ஆசாமிகள் நூறு சொச்சம். விலாச குளறுபடியால் வெறும் கையோடு திரும்பியவர்கள் 60 ஆயிரத்துக்கும் மேல். அந்த நூறு பேரில் ஒருவன் கையில் தோட்டா கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அரசு தரப்பு கேட்டது. தப்பே செய்யாதவனை ஏன் அலைய விடுகிறீர்கள் என்று மறுதரப்பு கேட்டது.

வழக்கு போட்டவர் சாதாரண ஆள் இல்லை. கிம் ரோட் என்ற துப்பாக்கி சுடும் வீராங்கனை. 1996 முதல் 2016 வரை தொடர்ந்து 6 ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர், அதில் 3 தங்கம். பயிற்சிக்கே தோட்டா வாங்கிக் கொண்டிருக்க வேண்டியவர்.

2020-லும் 2024-லும் நீதிபதி ரோஜர் பெனிடெஸ் சட்டம் செல்லாது என்றார். இரண்டு முறையும் மேல்கோர்ட்டு அந்த தீர்ப்பை நிறுத்தி வைத்ததால் செக்கிங் தொடர்ந்தது. 2025 ஜூலை 24-ந்தேதி மேல்கோர்ட்டின் 3 நீதிபதிகளில் 2 பேர், சட்டம் செல்லாது என்றே தீர்ப்பு கூறினார்கள். அரசு விடவில்லை, கூடுதல் நீதிபதிகள் விசாரிக்க வேண்டும் என்று மனு போட்டது.

இதற்கிடையே நியூயார்க் மாநிலமும் 2023 செப்டம்பரில் இதே போன்ற செக்கிங்கை தொடங்கியது. அங்கே ஒரு முறைக்கு கட்டணம் இரண்டரை டாலர்.

கலிபோர்னியாவில் 1 டாலராக இருந்த கட்டணம் 2025 ஜூலை 1-ந்தேதி 5 டாலர் ஆனது. சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்ததும் அதே மாதத்தில்தான்.