மருத்துவமனை நூலகர் எப்படித் தேடுகிறார்?

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவுடன் பலரும் முதலில் பழகுவது தேடுவதைத்தான். கட்டத்தில் இரண்டு சொற்களை டைப் செய்து என்டர் தட்டினால் பதில்கள் வந்து குவிகின்றன. சமையல் குறிப்புக்கும் ரயில் நேரத்திற்கும் இது போதும். ஆனால் எதிரே படுத்திருக்கும் நோயாளிக்காக ஒரு டாக்டர் தேடும்போது இது போதாது. அதனால்தான் அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளின் பெரிய மருத்துவமனைகளில் தேடுவதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். இவர்கள்தான் மருத்துவமனை நூலகர்கள்.

நான் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர். டேட்டாபேஸில் தகவலைச் சேர்ப்பதும், வேண்டியதை வேண்டிய நேரத்தில் எடுத்துக் கொடுப்பதும்தான் என் அன்றாட வேலை. இந்த நூலகர்கள் வேலை செய்யும் முறையைப் பார்க்கும்போது, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் கற்றுக்கொள்ள இதில் நிறைய இருக்கிறது என்று தோன்றுகிறது.

தேடலில் விட்டுப்போனால் என்ன ஆகும்?

2001 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றிய ஆய்வு ஒன்று நடந்தது. நல்ல உடல்நலத்துடன் இருந்த சிலர் விருப்பத்தின் பேரில் அதில் கலந்துகொண்டார்கள். ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தை அவர்கள் மூச்சு வழியாக உள்ளிழுத்தார்கள். அவர்களில் 24 வயதுப் பெண் ஒருவருக்கு நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. ஜூன் மாதம் அவர் இறந்துபோனார்.

விசாரணையில் பல குறைகள் வெளிவந்தன. அவற்றில் ஒன்று தேடல் பற்றியது. ஆய்வாளர் பப்மெட் என்ற டேட்டாபேஸில் தேடியிருந்தார். அப்போது அதில் 1966 முதல் வெளியான கட்டுரைகளே இருந்தன. இந்த மருந்து நுரையீரலைப் பாதிக்கலாம் என்று எச்சரித்த கட்டுரைகளோ 1950களில் வெளியானவை! மனிதர்கள் பங்கேற்ற, அரசு நிதியில் நடந்த ஆய்வுகளை அந்தப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க அரசு தற்காலிகமாக நிறுத்திவைத்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. "தேடினேன், கிடைக்கவில்லை" என்பது வேறு. "அப்படி ஒன்று இல்லவே இல்லை" என்பது வேறு. எந்த டேட்டாபேஸ் எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது, அதில் எது இருக்கும், எது இருக்காது என்று தெரிந்து வைத்திருப்பது நூலகரின் முதல் வேலை.

பப்மெட் என்றால் என்ன?

அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் மேரிலாந்து மாநிலத்தில் பெதஸ்டா என்ற இடத்தில் இருக்கிறது. மருத்துவக் கட்டுரைகளுக்கான அச்சுப் பட்டியல் 1879ல் தொடங்கியது. 1964ல் அந்தப் பணி கம்ப்யூட்டருக்கு மாறியது. 1971ல் தொலைபேசி வழியே தொலைவிலிருந்து தேடும் மெட்லைன் வந்தது. 1997 ஜூன் மாதம் பப்மெட் மூலம் இது எல்லோருக்கும் இலவசமானது. இன்று அதில் 3 கோடியே 70 லட்சத்திற்கும் அதிகமான கட்டுரைகளின் விவரங்கள் உள்ளன. மெட்லைன் பகுதி இப்போது 1946 வரை பின்னோக்கிச் செல்கிறது.

ஒரே பொருள், பல பெயர்கள்

காய்ச்சலுக்கு நாம் பாராசிட்டமால் சாப்பிடுகிறோம். அதே மருந்தை அமெரிக்காவில் அசிட்டமினோபென் என்கிறார்கள். ஒரு பெயரை மட்டும் போட்டுத் தேடினால் மறு பெயரில் எழுதப்பட்ட கட்டுரைகள் விட்டுப்போகும். சாதாரணமாக 'ஹார்ட் அட்டாக்' என்று சொல்வதை டாக்டர்கள் 'மயோகார்டியல் இன்பார்க்ஷன்' என்று எழுதுவார்கள்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க 1960ல் அந்த நூலகம் 'மெஷ்' என்ற சொற்பட்டியலை உருவாக்கியது. எழுதியவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும், கட்டுரையின் மேல் ஒரே பொதுச்சொல் ஒட்டப்படும். மளிகைக் கடையில் டப்பாக்களின் மேல் பெயர் எழுதி ஒட்டுவது போலத்தான். நெடுங்காலம் இதை ஆட்கள் படித்துப் பார்த்துச் செய்தார்கள். 2022 முதல் சாப்ட்வேர் ஒட்டுகிறது; தேவையான இடங்களில் ஆட்கள் சரிபார்க்கிறார்கள். புத்தம் புதிய கட்டுரைக்கு இன்னும் பெயர் ஒட்டப்படாமல் இருக்கலாம். அதனால் நூலகர்கள் மெஷ் சொல்லையும் போடுவார்கள், வழக்கமான சொற்களையும் சேர்த்துப் போடுவார்கள்.

கேள்வியை நான்காகப் பிரித்தல்

டாக்டரோ நர்ஸோ நூலகரிடம் வந்து, "குழந்தைகளின் காய்ச்சலுக்கு எது நல்லது?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். நூலகர் உடனே டைப் செய்யத் தொடங்கமாட்டார். முதலில் கேள்வியை நான்காகப் பிரிப்பார்.

1. நோயாளி யார்? காய்ச்சல் உள்ள, ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள்.
2. என்ன சிகிச்சை? இபுப்ரோபென்.
3. எதனுடன் ஒப்பிட வேண்டும்? பாராசிட்டமாலுடன்.
4. என்ன விளைவைப் பார்க்க வேண்டும்? காய்ச்சல் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பதை.

இப்போது தேடவேண்டிய சொற்கள் தாமாகவே கிடைத்துவிடுகின்றன. ஒரே பொருள் தரும் சொற்களை 'ஆர்' போட்டு இணைப்பார். வெவ்வேறு பகுதிகளை 'ஆண்ட்' போட்டு இணைப்பார். முதலாவது வலையை அகலமாக்கும், இரண்டாவது குறுக்கும்.

கட்டுரையின் சுருக்கம் மட்டும் கிடைத்தால், முழுக் கட்டுரையை வேறு நூலகத்திலிருந்து வரவழைப்பதும் அவர் பொறுப்பு. அமெரிக்க மருத்துவ நூலகங்கள் இப்படிப் பகிர்ந்துகொள்ள 1985 முதல் டாக்லைன் என்ற கம்ப்யூட்டர் அமைப்பு இயங்குகிறது.

வார்டுக்கே வரும் நூலகர்

1971ல் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி மருத்துவப் பள்ளியில் கெர்ட்ரூட் லாம்ப் என்ற நூலகர் ஒரு புதிய முறையைத் தொடங்கினார். டாக்டர்கள் நோயாளிகளைப் பார்க்கச் சுற்றிவரும்போது நூலகரும் கூடவே போவார். அங்கே எழும் கேள்விகளைக் குறித்துக்கொண்டு, பதில்களைத் தேடிக் கொடுப்பார். இந்த முறை பிறகு பல நாடுகளுக்கும் பரவியது.

தேடிக் கொடுப்பதோடு தேடவும் கற்றுக்கொடுக்கிறார்கள். புதிதாகச் சேரும் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் வகுப்பு உண்டு. தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. இரவு இரண்டு மணிக்கு நூலகர் இருக்கமாட்டார். ஆனால் நோயாளி இருப்பார்!

இதனால் பயன் உண்டா? அமெரிக்காவின் ராச்சஸ்டர் நகரப் பகுதியில் 15 மருத்துவமனைகளின் டாக்டர்களிடம் ஓர் ஆய்வு நடத்தி, முடிவை 1992ல் வெளியிட்டார்கள். நூலகம் தந்த தகவலால் சிகிச்சையில் ஏதேனும் ஒன்றை வேறுவிதமாகச் செய்ததாகவோ, செய்திருக்கக்கூடும் என்றோ 80 சதவீதம் பேர் சொன்னார்கள். நோயாளியின் இறப்பைத் தவிர்க்க அது உதவியது என்று சொன்னவர்கள் 19 சதவீதம். இவை டாக்டர்கள் தாங்களே சொன்னவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நீங்களும் செய்து பாருங்கள்

பப்மெட் தளத்தைத் திறக்கக் கட்டணம் இல்லை. பாஸ்வேர்டும் தேவையில்லை.

* தேடல் கட்டத்தில் பாராசிட்டமால் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.
* கட்டத்தின் கீழே உள்ள 'அட்வான்ஸ்டு' என்ற இணைப்பைக் கிளிக் செய்யுங்கள். நீங்கள் தேடியவை வரிசையாகத் தெரியும். 'டீட்டெயில்ஸ்' பகுதியை விரித்தால், நீங்கள் கொடுத்த ஒரு சொல்லோடு அசிட்டமினோபென் என்ற பெயரையும் சேர்த்து பப்மெட் தேடியிருப்பதைக் காணலாம்.
* முடிவுகள் வந்த பக்கத்திற்குத் திரும்புங்கள். இடதுபக்கப் பில்டரில் 'ப்ரீ புல் டெக்ஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இலவசமாக முழுதும் படிக்கக்கூடியவை மட்டும் நிற்கும்.
* 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ' என்பதையும் தேர்ந்தெடுங்கள். பல ஆய்வுகளைத் தேடித் திரட்டி எடைபோட்ட கட்டுரைகள் கிடைக்கும்.
* 'ஆண்ட்', 'ஆர்' இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும்.

இந்தக் கட்டுரைகள் டாக்டர்களுக்காக எழுதப்பட்டவை. எளிய விளக்கம் வேண்டுமானால் அதே நூலகம் 1998ல் தொடங்கிய மெட்லைன்பிளஸ் தளத்தைப் பாருங்கள். எதைப் படித்தாலும் மருந்தை நீங்களாக மாற்றிவிடாதீர்கள். படித்ததைக் குறித்துக்கொண்டு போய் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்பவர்களும் அதிகம். அவை சில நேரம் இல்லாத கட்டுரையின் பெயரைக்கூட உண்மை போலச் சொல்லிவிடும். அப்படி ஒரு பெயரைக் கொடுத்தால் பப்மெட்டில் போட்டுப் பாருங்கள். அங்கே வராவிட்டால் வேறு இடங்களிலும் தேடிப் பார்க்கும்வரை அதை நம்பவேண்டாம்.