கேடயத்தின் வயது என்ன?

பழம்பொருளுக்கு விலை சொல்வது பெரும்பாலும் பொருளன்று. அதனுடன் சேர்ந்து வரும் கதையே. திருவொற்றியூரில் நமக்குப் பழக்கமான அன்பர் ஒருவர், பழைய சாமான் கடையொன்றில் வட்டக் கேடயம் ஒன்றைக் கண்டு மயங்கினார். "1780-ல் பொள்ளிலூரில் ஹைதர் அலியின் சேனையோடு பொருத ஸ்காட்லாந்துச் சிப்பாயின் கேடயம்" என்று கடைக்காரர் சத்தியம் செய்தாராம். பெண்ணின் கல்யாணத்துக்கென்று சேர்த்திருந்த பணத்தில் கை வைக்குமுன் அன்பர் நம்மை யோசனை கேட்டார். அவருக்குச் சொன்னதை நேயர்களுக்கும் சொல்லுகிறோம்.

முதலில் சரித்திரம். ஸ்காட்லாந்து மலைநாட்டார் 'டார்ஜ்' என்னும் கேடயத்தை இடது முன்கையில் வாரால் மாட்டிப் போரிட்டனர். 1746 ஏப்ரல் 16-ல் கல்லோடன் களத்தில் அவர்களுடைய கிளர்ச்சி முறிந்தது. உடனே லண்டன் பார்லிமெண்டு, அவர்கள் ஆயுதம் தாங்குவதையும் மலைநாட்டு உடை தரிப்பதையும் சட்டத்தால் தடுத்தது. 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை அறிந்த நமக்கு இந்த உபாயம் புதிதன்று. 1780-ல் சென்னையில் வந்திறங்கிய மலைநாட்டுப் பட்டாளத்தாரின் ஆயுதம் துப்பாக்கியே. கேடயத்தின் காலம் அதற்குள் மலையேறிவிட்டது. 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு விஜயம் செய்த பிறகு மலைநாட்டுக் கோலம் நாகரிகமாயிற்று. மாளிகைச் சுவர்களை அலங்கரிக்கவென்றே கேடயங்கள் செய்யலாயினர்.

இனிச் சோதனை. அசல் டார்ஜ் ஒன்றரை அடிக்குச் சற்று மேற்பட்ட அகலமுள்ளது, ஏறக்குறையத் தட்டையானது. மெல்லிய பலகைகளை இரண்டு அடுக்காக, இழை குறுக்கிட வைத்து இணைத்து, மேலே சித்திர வேலை செய்த தோலைப் போர்த்திப் பித்தளைக் குமிழாணிகள் அறைந்திருப்பார்கள். நடுவில் ஒரே பெருங்குமிழ். நம் நாட்டுக் கேடயமோ எருமை அல்லது காண்டாமிருகத் தோலாலோ, எஃகாலோ ஆகிக் குவிந்திருக்கும். முகத்தில் பெரும்பாலும் நான்கு குமிழ்கள் உண்டு. அவையே பின்புறத்துப் பிடியின் வளையங்களைத் தாங்குபவை.

முகப்பைவிட முதுகே உண்மை பேசும். நுனி கூரிய மரையாணி 1840-க்குப் பிறகே பரவியது. தலையில் சிலுவைக் காடியுள்ளது 1930-க்குப் பிற்பட்டது. ஆயினும் பிடியைப் பிற்காலத்தில் மாற்றியிருக்கலாமாதலால் ஆணியை மாத்திரம் நம்பலாகாது. அன்பரின் கேடயத்திலோ சிலுவைக் காடி ஆணிகளோடு, தோலுக்கடியில் இயந்திரத்தால் செய்த ஒட்டுப்பலகையும் இருந்தது! கல்யாணப் பணம் பிழைத்தது.

அயலார் கேடயத்தின் போலிக்கு இவ்வளவு மயங்கும் நாம் நம்முடையதை என்ன செய்தோம்? தஞ்சை அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டபோது ஏராளமான ஆயுதங்கள் உடைபட்டுப் பழைய இரும்பாக விலைபோயின. தப்பியவற்றுள் பல 1863-ல் சென்னை மியூசியத்தை அடைந்தன. குழந்தைகளை எழும்பூருக்கு அழைத்துச் சென்று அவற்றைக் காட்டுங்கள். அசலைப் பார்த்துப் பழகிய கண்ணைப் போலி எளிதில் ஏமாற்றாது.