டிப்ஸ் யாருக்குச் சொந்தம்?

கார்த்திகை பிறந்தது முதல் மகரஜோதி தரிசனம் முடியும் வரை, ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வழியாகக் குமுளி மலைப்பாதையை நோக்கி இரவு பகலாகச் செல்லும் காலத்தில், சாலையோரச் சிறு ஓட்டல்களின் சப்ளையர்களுக்குச் சம்பளத்துக்கு அப்பாலும் நாலு காசு கிடைக்கிறது. முன்பெல்லாம் அது பில் தட்டில் சோம்போடு வைக்கப்பட்டு, நேரே அவர்களுடைய சட்டைப்பைக்குப் போயிற்று. இன்றோ வாடிக்கையாளர் பில் தொகையோடு இருபது ரூபாயைச் சேர்த்துக் கல்லாவிலுள்ள கியூஆர் அட்டை வழியாக அனுப்ப, அது முதலாளியின் வங்கிக் கணக்கில் விற்பனைப் பணத்தோடு கலந்துவிடுகிறது.

அந்த இருபது ரூபாய் முதலாளியுடையதன்று. ஜெய்ப்பூர் ராம்பாக் பாலஸ் ஓட்டல் வழக்கில், டிப்ஸை ஊதியத்தின் பகுதியாகக் கணக்கிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1976-லேயே கூறிவிட்டது. 2016-இல் ஐ.டி.சி. வழக்கிலோ, கிரெடிட் கார்டு மூலம் வந்து ஓட்டலின் கணக்கில் தங்கிப் பிறகு பகிரப்படும் டிப்ஸும் சம்பளமாகாது, ஓட்டல் அதை ஊழியர் பொருட்டுத் தர்மகர்த்தாவின் ஸ்தானத்தில் வைத்திருக்கிறது, ஆதலால் அதற்கு டி.டி.எஸ். பிடிக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது.

ஆகையால் கம்பத்து ஓட்டல்காரர் செய்யத்தக்கது, டிப்ஸுக்கெனத் தனிப் பேரேடு வைத்து, அன்றன்று வந்ததை எழுதி, கிளீனரும் சமையல் மாஸ்டரும் உட்பட எல்லோரும் சம்மதித்த விகிதப்படி பகிர்ந்து கையெழுத்து வாங்குவதே. "டிப்ஸ் வருமே" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பது பெரும் அநியாயம் என்பது என் அபிப்பிராயம்; ஏனெனில் ஈ.எஸ்.ஐ. சந்தா சம்பளத்தின் மீதே, ஊழியரிடம் 0.75 சதவீதமும் முதலாளியிடம் 3.25 சதவீதமுமாகக் கணக்கிடப்படுகிறது. நோயுற்ற நாட்களில் கிடைக்கும் 70 சதவீத உதவித்தொகையும் அந்தச் சம்பளத்தைப் பொறுத்ததே. சம்பளம் சுருங்கினால் படுக்கையில் விழும் நாளில் கைக்கு வருவதும் சுருங்கும்.

பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் என்று அச்சிட்டு வசூலிப்பது வேறு விஷயம். அவ்வாறு தானாகச் சேர்க்கலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதித்ததை, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. கட்டாயப்படுத்தப்படுவோர் 1915 என்ற எண்ணில் முறையிடலாம்.

மனமுவந்து கொடுக்க விரும்பும் வாசகர்கள், பில்லுக்குரியதை மட்டும் கைப்பேசியில் செலுத்திவிட்டு, பரிமாறியவருக்குரியதை அவர் கையிலேயே கொடுங்கள்.