பந்தும் திரையும் – 6: பந்து தெரிகிறது, ஆட்டம் தெரிகிறதா?

1977க்கு முன்பு தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்தவர்கள் பாதி ஆட்டத்தைப் பின்னாலிருந்துதான் பார்த்தார்கள். முதன்மைக் கேமரா மைதானத்தின் ஒரு முனையில் மட்டும் நிற்கும். அந்த முனையிலிருந்து பந்து வீசப்படும்போது பேட்ஸ்மேனின் முகம் தெரியும். ஓவர் முடிந்து மறுமுனையிலிருந்து வீசத் தொடங்கிவிட்டால், அந்த ஓவர் முழுக்கக் கீப்பரின் முதுகையும் பேட்ஸ்மேனின் முதுகையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதை மாற்றியவர் ஆஸ்திரேலியாவின் சேனல் நைன் முதலாளி கெர்ரி பேக்கர். டெஸ்ட் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை அவர் 1976இல் கேட்டார். கிரிக்கெட் வாரியம் மறுத்துவிட்டது. உலகின் முன்னணி ஆட்டக்காரர்களைத் தாமே ஒப்பந்தம் செய்து, 1977 இறுதியில் ‘வேர்ல்டு சீரிஸ் கிரிக்கெட்’டைத் தொடங்கினார். வண்ண உடை, மின்னொளி ஆட்டம், வெள்ளைப் பந்து என்று அந்தத் தொடரைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது கொடுத்த பெரிய கொடை, இரண்டு முனைகளிலும் வைத்த கேமரா. இன்று எந்த ஓவரில் யார் வீசினாலும் பந்துவீச்சாளரின் தோளுக்கு மேலிருந்து நாம் பார்ப்பது அன்று எடுத்த அந்த முடிவால்தான்.

அந்த இடத்திலிருந்து பார்ப்பதில் ஒரு பெரிய நன்மை உண்டு. பந்து உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்பது அங்கிருந்து தெரிவதுபோல் வேறெங்கிருந்தும் தெரியாது. காசு கொடுத்து கேலரியில் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு ஸ்விங் பிடிபடவே பிடிபடாது. அந்த வகையில் வீட்டில் இருப்பவர்தான் கொடுத்துவைத்தவர்.

ஆனால் அதே கேமரா வேறு இரண்டை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. முதலாவது வேகம். அந்தக் கேமரா எல்லைக் கோட்டுக்கும் வெளியே, உயரத்தில், பேட்ஸ்மேனிடமிருந்து ஏறக்குறைய நூறு மீட்டர் தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து நீண்ட லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது 22 கெஜம் சுருங்கிப்போகிறது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, கையை விட்ட அரை விநாடிக்குள் பேட்ஸ்மேனை எட்டிவிடும். திரையில் அது நம்மைவிட்டு விலகிப் போவதால் அந்த வேகம் உறைப்பதில்லை. ‘இதைக்கூட அடிக்கத் தெரியாதா’ என்று சோபாவில் இருந்தபடி நாம் கோபப்படுவதற்கு லென்ஸும் ஒரு காரணம்.

இரண்டாவது, சுழற்பந்தின் உயரம். நல்ல ஸ்பின்னர் பந்தைப் பேட்ஸ்மேனின் கண்மட்டத்துக்கு மேலே தூக்கி, எதிர்பார்த்த இடத்துக்கு முன்பே விழவைப்பார். அவர் ஏமாற்றுவது காற்றில்தான். தரையில் பந்து திரும்புவது அதற்குப் பிறகு. மேலிருந்து கீழே பார்க்கும் கேமராவில் அந்த ஏற்றமும் இறக்கமும் தட்டையாகிவிடுகின்றன. சேப்பாக்கத்தில் ஆடுகளத்துக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த வளைவு கண்ணெதிரே தெரியும். அதே பந்து திரையில் சாதாரணமாக வந்து, ஏனோ விக்கெட்டை எடுத்துவிட்டுப் போகிறது.

இவை இரண்டையும்விடப் பெரிய இழப்பு இன்னொன்று. பந்துவீச்சாளர் ஓடிவரும்போது திரையில் யார் இருக்கிறார்கள்? அவர், பேட்ஸ்மேன், நடுவர், கீப்பர், அதிகம் போனால் ஸ்லிப்பில் ஒருவரோ இருவரோ. மற்ற ஃபீல்டர்கள் நமக்கு இல்லவே இல்லை. கவரை வேண்டுமென்றே காலியாக விட்டு டிரைவ் ஆடத் தூண்டும் கேப்டனின் பொறி, பேட்ஸ்மேன் அதில் விழுந்த பிறகே நமக்குத் தெரியவருகிறது. பந்து உயரே போனதும் கேமரா அதைத் துரத்துகிறது. அது விழும் இடத்தில் ஆள் இருக்கிறாரா என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறோம். மைதானத்தில் இருப்பவருக்கு அது முன்பே தெரியும்.

கால்பந்தில் இப்படி இல்லை. நடுக்கோட்டுக்கு நேரே உயரத்தில் நிற்கும் கேமராதான் அங்கே பெரும்பாலான நேரம் திரையில் இருக்கிறது. பந்து இல்லாத இடத்தில் ஓடுபவரும், அவரைப் பார்த்துக்கொண்டே நகரும் தடுப்பாட்டக்காரரும் அதில் தெரிகிறார்கள். கால்பந்து ஒளிபரப்பு பரப்பைத் தேர்ந்தெடுத்தது. கிரிக்கெட் இருவர் மோதலைத் தேர்ந்தெடுத்தது.

போதாக்குறைக்கு விளம்பரம். கேப்டன் களத்தை மாற்றுவதும், பந்துவீச்சாளரோடு கலந்து பேசுவதும் பெரும்பாலும் ஓவர்களுக்கு இடையில்தான் நடக்கும். நம் சேனல்கள் விளம்பரத்துக்குப் போவதும் அப்போதுதான். திரும்பி வரும்போது பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கியிருப்பார். யோசித்த நேரம் விற்கப்பட்டுவிட்டது. யோசித்ததன் விளைவு மட்டும் நமக்கு மிச்சம்.

கேமரா நிற்கும் இடம் ஆட்டத்தின் நீதியையே தீர்மானித்திருக்கிறது. 1992 நவம்பரில் டர்பன் டெஸ்டில், தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்து மூன்றாம் நடுவர் அவுட் கொடுத்த முதல் பேட்ஸ்மேன் சச்சின் டெண்டுல்கர். அந்த ரன் அவுட்டைச் சொன்னது பக்கவாட்டிலிருந்து பார்த்த படம். 2018 மார்ச்சில் கேப்டவுனில், ஃபீல்டிங்கில் நின்ற கேமரன் பேன்கிராஃப்டைக் கேமரா விடாமல் கவனித்தது. உப்புத்தாளால் பந்தைத் தேய்க்க முயன்றது அம்பலமாகி, கேப்டன் ஸ்டீவ் ஸ்மித்துக்கும் துணைக் கேப்டன் டேவிட் வார்னருக்கும் ஓராண்டுத் தடை விழுந்தது. பந்துவீச்சாளரின் தோளுக்கு மேலிருந்து மட்டும் பார்த்திருந்தால் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

இத்தனை கேமராக்களை வைத்திருக்கும் ஒளிபரப்பாளரிடம் நான் கேட்பது சிறிய விஷயம். ஒவ்வோர் ஓவரின் முதல் பந்துக்கு முன்பும் முழு மைதானத்தையும் ஐந்து விநாடி காட்டுங்கள். களம் மாறினால் மறுபடி காட்டுங்கள். சுழற்பந்து விக்கெட் எடுத்தால், பக்கவாட்டிலிருந்து ஒரு ரீப்ளே கட்டாயம் வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. பார்ப்பவருக்கு ஆட்டத்தைப் புரிந்துகொள்ளும் ஆசை உண்டு என்ற மரியாதை இருந்தால் போதும். கிரிக்கெட்டைப் பதினொரு பேர் ஆடுகிறார்கள். அந்தப் பதினொரு பேரையும் பார்க்கும் உரிமை வீட்டில் இருப்பவருக்கும் உண்டு.

அடுத்த வாரம் ரீப்ளேயின் கதை. 1963 டிசம்பரில் ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் முதன்முறையாக உடனடி ரீப்ளேயைக் காட்டியபோது, அந்த அணி மறுபடியும் புள்ளி எடுக்கவில்லை என்று வர்ணனையாளர் விளக்க வேண்டியிருந்தது. ஏன்?

(தொடரும்)